அதிபர் விருதுக்கு விண்ணப்பப் படிவம் கேட்ட தாய்க்கு ஒரு பதில்

அன்புள்ள அம்மையாருக்கு,

வணக்கம். பன்னிரண்டாம் வகுப்பு தொடங்கியிருக்கும் உங்கள் மகளுக்காக, அமெரிக்க அதிபரின் பெயரால் வழங்கப்படும் 'பிரெசிடென்ஷியல் ஸ்காலர்' விருதின் விண்ணப்பப் படிவம் எங்கே கிடைக்கும் என்று கேட்டிருந்தீர்கள். விரும்புகிற எவரும் எடுத்து நிரப்பும் படிவம் இதற்குக் கிடையாது. அழைப்பு வந்த மாணவர்கள் மட்டுமே விண்ணப்பத்தை நிரப்ப முடியும் என்பதால், இப்போது நீங்கள் செய்ய வேண்டியதெல்லாம் அழைப்பு வருவதற்கான வழிகளில் எது உங்கள் மகளுக்குப் பொருந்தும் என்று பார்ப்பதுதான்.

அதற்கு முன், கேட்கச் சங்கடமாக இருந்தாலும் ஒன்றைக் கேட்டுவிடுகிறேன்: மகளுக்குக் கிரீன் கார்டு (அமெரிக்காவில் நிரந்தரமாக வசிக்கும் உரிமை) கிடைத்துவிட்டதா? இந்த விருது அமெரிக்கக் குடிமக்களுக்கும் சட்டப்படி நிரந்தர வசிப்புரிமை பெற்றவர்களுக்கும் மட்டுமே உரியது. இந்தியாவில் பிறந்தவர்களுக்கான கிரீன் கார்டு வரிசை நகராமல் கிடப்பதால், இரண்டு வயதில் இங்கே வந்து, மழலையர் பள்ளி முதல் இங்கேயே படித்து, இன்னும் பெற்றோரின் வேலை விசாவைச் சார்ந்த எச்-4 விசாவிலேயே இருக்கும் பிள்ளைகளை நான் ஆண்டுதோறும் பார்க்கிறேன். மதிப்பெண் எவ்வளவு உயர்ந்திருந்தாலும் அவர்களுக்கு இந்தக் கதவு திறக்காது. உங்கள் நிலை அதுவாக இருந்தால் பிப்ரவரியில் தெரிந்து மனம் உடைவதைவிட இன்றே மகளிடம் சொல்லிவிடுவது நல்லது.

அந்தச் சிக்கல் இல்லை என்றால் மேலே படியுங்கள். 1964இல் அதிபர் லிண்டன் ஜான்சன் தொடங்கிவைத்த இந்தத் திட்டத்தில் 1979இல் கலைப் பிரிவும் 2015இல் தொழிற்கல்விப் பிரிவும் சேர்க்கப்பட்டன. ஆண்டுக்கு அதிகபட்சம் 161 பேர் தேர்வாகிறார்கள். ஒவ்வொரு மாநிலத்திலிருந்தும், வாஷிங்டன் டி.சி., புவேர்ட்டோ ரிக்கோ, வெளிநாட்டில் வசிக்கும் அமெரிக்கக் குடும்பங்கள் ஆகியவற்றிலிருந்தும் ஒரு மாணவர், ஒரு மாணவி என்ற கணக்கில் 106 பேர். நாடு முழுவதற்கும் பொதுவாக 15 பேர். கலைக்கு 20, தொழிற்கல்விக்கு 20.

கலையும் தொழிற்கல்வியும் அல்லாத பொதுப் பிரிவில் பெரும்பாலோருக்கு அழைப்பு வருவது எஸ்.ஏ.டி. அல்லது ஏ.சி.டி. என்ற கல்லூரி நுழைவுத் தேர்வுகளின் மதிப்பெண்ணால்தான். மாநிலத்துக்கு மாநிலம் தனித்தனியாக வரிசைப்படுத்தி, முதல் இருபது மாணவர்களையும் முதல் இருபது மாணவிகளையும் ஒட்டி அழைப்பு அனுப்புகிறார்கள். ஆகவே கலிஃபோர்னியாவில் வசிக்கும் பிள்ளைக்கும் வயோமிங்கில் வசிக்கும் பிள்ளைக்கும் ஒரே மதிப்பெண் ஒரே பலனைத் தருவதில்லை. பன்னிரண்டாம் வகுப்பின் அக்டோபர் மாதம் வரை எழுதிய தேர்வுகளே கணக்கில் வரும். உங்கள் மகள் எஸ்.ஏ.டி.யில் ஏற்கெனவே 1600க்கு 1560 எடுத்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அதை 1600 ஆக்குவதற்காக இன்னொரு முறை தேர்வு எழுத வைக்கலாமா என்பது உங்கள் கேள்வி. வேண்டாம் என்பது என் கருத்து. அக்டோபர் என்பது கல்லூரி விண்ணப்பக் கட்டுரைகளை எழுதித் திருத்த வேண்டிய மாதம். நாற்பது மதிப்பெண்ணுக்காக அந்த மூன்று வாரங்களைக் கொடுப்பது நஷ்டக் கணக்கு.

இரண்டாவது வழி, மாநிலக் கல்வித் துறைத் தலைவரின் பரிந்துரை. இதற்கான முறையை ஒவ்வொரு மாநிலமும் தன் விருப்பப்படி வகுத்துக்கொள்கிறது. பெரும்பாலும் பள்ளிகளிடமே பெயர் கேட்கிறார்கள். பொருளாதார நெருக்கடியையோ நோயையோ தாண்டிப் படித்தவர்களும் தேர்வு மதிப்பெண்ணில் வெளிப்படாத திறமை உள்ளவர்களும் இந்த வழியாக மேலே வருகிறார்கள். நூற்றுக்கணக்கான பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பள்ளி ஆலோசகருக்கு இந்தப் பரிந்துரை தானாக நினைவுக்கு வரும் என்று எதிர்பார்க்காமல், செப்டம்பரிலேயே உங்கள் மகள் நேரில் போய்க் கேட்கட்டும். மகள்தான் கேட்க வேண்டும். நீங்கள் மின்னஞ்சல் அனுப்ப வேண்டாம்.

கலைப் பிரிவுக்கு வழி வேறு. இளம் கலைஞர்களுக்கான 'யங் ஆர்ட்ஸ்' அமைப்பின் போட்டிக்கு இலையுதிர்காலத்தில் மாணவரே விண்ணப்பிக்கலாம். அதில் உயர்நிலையில் தேறிய பன்னிரண்டாம் வகுப்பினரிலிருந்து 60 பேர் வரை பரிந்துரைக்கப்பட்டு, 20 பேர் தேர்வாகிறார்கள். மகள் பத்து ஆண்டுகளாகப் பரதம் பயின்று அரங்கேற்றமும் முடித்திருப்பதால் அந்த அமைப்பின் நடனப் பிரிவு விதிகளை இந்த வாரமே படித்துப் பாருங்கள். அரங்கேற்றத்தின் காணொளியை வெட்டி ஒட்டி அனுப்பினால் போதும் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். மண்டபத்தின் பின்வரிசையிலிருந்து எடுத்த படத்தில் அடவும் தெரியாது, முகபாவமும் தெரியாது. தொழிற்கல்விப் பிரிவைப் பற்றி நம் வீடுகளில் பேச்சே எழுவதில்லை. பள்ளியின் ரோபோ பட்டறையிலோ செவிலியர் உதவிப் பயிற்சியிலோ நான்கு ஆண்டுகள் உழைத்த பிள்ளைக்கும் இதே பதக்கம் உண்டு என்பதை யாராவது சொல்ல வேண்டுமே என்பதற்காகச் சொல்கிறேன்.

இனி, உங்கள் கடிதத்தில் இழையோடும் எதிர்பார்ப்புக்கு வருகிறேன். இந்த விருது கிடைத்தால் பெரிய பல்கலைக்கழகங்களில் இடம் எளிதாகும், கட்டணமும் குறையும் என்று எழுதியிருக்கிறீர்கள். இரண்டுமே நடக்காது. அழைப்பு ஜனவரியில் வருகிறது, விண்ணப்பம் பிப்ரவரி வாக்கில் முடிகிறது, அரையிறுதிப் பட்டியல் ஏப்ரலில் வெளியாகிறது, முடிவு மே மாதத்தில் தெரிகிறது. பல்கலைக்கழகங்களோ மார்ச் மாத இறுதிக்குள் தங்கள் முடிவைச் சொல்லி, மே 1ஆம் தேதிக்குள் பதில் கேட்டுவிடுகின்றன. அதாவது விருது அறிவிக்கப்படும்போது உங்கள் மகள் எந்தக் கல்லூரியில் சேரப் போகிறாள் என்பது முடிவாகியிருக்கும். பணமும் இதில் கிடையாது. பெயரில் 'ஸ்காலர்' என்று இருப்பதால் உதவித்தொகை என்று பலர் எண்ணிக்கொள்கிறார்கள். கிடைப்பது பதக்கமும் கௌரவமும்தான்.

பணம் தேவை என்றால் அதற்கான நாட்காட்டி வேறு. கோக-கோலா ஸ்காலர்ஸ் திட்டம் 150 பேருக்கு ஆளுக்கு 20,000 டாலர் தருகிறது. அதன் முதல் கட்டத்துக்குக் கட்டுரையோ பரிந்துரைக் கடிதமோ வேண்டாம், ஆனால் செப்டம்பர் இறுதியில் கதவை மூடிவிடுகிறார்கள். நேஷனல் மெரிட் உதவித்தொகைக்குப் பதினோராம் வகுப்பின் அக்டோபரில் எழுதும் பி.எஸ்.ஏ.டி. என்ற எஸ்.ஏ.டி. முன்னோட்டத் தேர்வே வாசல் என்பதால், அதில் மகளின் நிலை இந்தச் செப்டம்பரில் தெரிந்துவிடும். ஒன்பதாம் வகுப்பில் இருக்கும் உங்கள் மகனுக்காக ஒரு குறிப்பு: நேஷனல் மெரிட் கணக்கில் ஆங்கிலப் பகுதியின் மதிப்பெண் இரு மடங்காகவும் கணிதம் ஒரு மடங்காகவும் சேர்க்கப்பட்டு, 228க்கு ஒரு குறியீட்டெண் வருகிறது. கணக்கு வகுப்புக்கு மட்டும் காரில் கூட்டிக்கொண்டு அலையும் நம்மவர்கள் இதைக் கவனிப்பதில்லை.

அழைப்பு வந்துவிட்டால் மிஞ்சியிருக்கும் வேலை எழுத்து. மதிப்பெண் அழைப்பிதழோடு தன் வேலையை முடித்துக்கொள்கிறது. அதன்பின் கட்டுரைகள், பள்ளி தரும் அறிக்கை, மாணவரின் பண்பு, தலைமைத்துவம், சேவை ஆகியவையே எடைபோடப்படுகின்றன. சில ஆண்டுகளுக்கு முன் என்னிடம் வந்த ஒரு மாணவன் வார இறுதித் தமிழ்ப் பள்ளியில் உதவியதைப் பற்றி எழுதியிருந்தான். "இளம் தலைமுறைக்கு நம் பண்பாட்டைக் கொண்டு சேர்த்ததன் வழியாகத் தலைமைப் பண்பை வளர்த்துக்கொண்டேன்" என்பது அவனுடைய முதல் வரி. அதில் அவன் அப்பாவின் குரல் எனக்குக் கேட்டது. அந்த வகுப்பில் உண்மையில் என்ன நடந்தது என்று கேட்டேன். ஏழு வயதுச் சிறுமி ஒருத்திக்கு 'ழ' வாயில் வரவே இல்லை என்றும், தன் நாக்கு எங்கே போகிறது என்று பார்க்க அவளுக்கு ஒரு கைக்கண்ணாடியைக் கொண்டுபோய்க் கொடுத்ததாகவும், அவளுக்குச் சொல்லிக் கொடுக்கும்போதுதான் தனக்கே 'ள'வும் 'ழ'வும் ஒன்றாக ஒலிப்பது தெரிந்ததாகவும் கூச்சத்தோடு சொன்னான். கட்டுரை அந்தக் கைக்கண்ணாடியிலிருந்து தொடங்கியது. உங்கள் மகளிடமும் அப்படி ஒன்று இருக்கும். நீங்களோ நானோ பணம் வாங்கும் கட்டுரை ஆலோசகரோ அதை அவளுக்குப் பதிலாகக் கண்டெடுக்க முடியாது.

தேர்வாகும் மாணவர், தன்னை மிகவும் பாதித்த ஆசிரியர் ஒருவரின் பெயரைச் சொன்னால் அந்த ஆசிரியரும் கௌரவிக்கப்படுகிறார். இயற்பியல் ஆசிரியரின் பெயரைத்தான் சொல்ல வேண்டும் என்று வற்புறுத்தாதீர்கள். நான்காம் வகுப்பில் புத்தகம் கொடுத்த நூலக ஆசிரியையின் பெயர் அவள் மனத்தில் இருந்தால் அதுவே இருக்கட்டும்.

பள்ளி அறிக்கைக்கு ஆலோசகரிடம் குறைந்தது இரண்டு வாரம் அவகாசம் கொடுக்க வேண்டும். ஜனவரி, பிப்ரவரியில் பனி விடுமுறையால் பள்ளி மூடிக் கிடக்கும் நாட்களையும் சேர்த்துக் கணக்கிடுங்கள். தேதிகளும் விதிகளும் ஆண்டுக்கு ஆண்டு சற்று மாறக்கூடியவை என்பதால் மத்தியக் கல்வித் துறையின் அந்தந்த ஆண்டு அறிவிப்பையே நம்புங்கள். தேர்வுப் பதிவில் கொடுத்திருக்கும் வீட்டு முகவரியும் மின்னஞ்சலும் சரியாக இருக்கின்றனவா என்று மகளை இன்றே பார்க்கச் சொல்லுங்கள். சென்ற ஆண்டு வீடு மாறியதாக எழுதியிருந்தீர்கள் அல்லவா? அழைப்பு வந்தால் அன்றே பள்ளி ஆலோசகருக்குத் தெரிவித்துவிட்டு, எனக்கும் ஒரு வரி எழுதுங்கள். கட்டுரையின் முதல் வரைவை அவள் தானே எழுதி முடித்த பிறகு, அதை வாசித்துக் கருத்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
உங்கள் கல்வி ஆலோசகர்