மறு: 3 வயசுப் பையன், யூடியூப் போட்டும் இங்கிலீஷ் வரலை

ஓசூர்ல பாட்டியோட தெலுங்கு, உங்களோட தமிழ், இங்கிலீஷுக்கு தினம் ஒரு மணி நேரம் யூடியூப்னு எழுதியிருக்கீங்க. கோளாறு வீடியோவுலதான். 2003-ல அமெரிக்காவுல பட்ரிசியா குல்ங்கற ஆய்வாளரோட குழு, இங்கிலீஷ் கேட்டு வளர்ற 9 மாசக் குழந்தைகளுக்கு சீன மொழியை 12 அமர்வு கொடுத்துப் பார்த்தாங்க. நேர்ல ஆள் பேசக் கேட்ட குழந்தைகள் ஒலிகளைப் பிடிச்சுக்கிச்சு. டிவியில பார்த்ததுகளுக்கு ஏறலை.

குளிக்க வைக்கறப்ப 20 நிமிஷம் நீங்களே இங்கிலீஷ்ல பேசுங்க, சோப்பு, தண்ணி, காதுன்னு தொட்டுக் காட்டி. திருப்பிச் சொல்லச் சொல்லாதீங்க, வாயை மூடிக்குவான்.

பாட்டியோட தெலுங்கை மட்டும் நிறுத்திடாதீங்க. குண்டூசி, குப்பைத்தொட்டி ரெண்டுக்குமான இங்கிலீஷ் வார்த்தை தமிழ் எழுத்துல ஒரே ‘பின்’தான், தெலுங்குல அந்த ரெண்டு ஒலிக்கும் (pin, bin) தனித்தனி எழுத்தே இருக்கு, இங்கிலீஷ்ல அதைப் பிரிச்சுக் கேக்க உதவும்.

மொழிகளைக் கலந்து பேசறது குழப்பமில்லை. எந்த மொழியிலயுமே ரெண்டு வார்த்தை கோத்துப் பேசலைன்னா, காதைப் பரிசோதிங்க.