வாசகர் கேள்வி – பதில்: செய்மதிகளை அச்சுறுத்தும் விண்வெளிக் குப்பை

கேள்வி: விண்வெளிக்கு எல்லையே இல்லை என்கிறார்கள். அப்படியிருக்க, அங்கே சுற்றும் உடைந்த துண்டுகளால் செய்மதிகளுக்கு ஆபத்து என்பது மிகைப்படுத்தல் அல்லவா?
– வாசகர் ஒருவர், கொட்டாஞ்சேனை

பதில்: மிகைப்படுத்தல் அன்று. விண்வெளி எல்லையற்றதாயினும், பூமியைப் படம்பிடிப்பதற்கும் இணையச் சேவை வழங்குவதற்கும் ஏவப்படும் செய்மதிகளுள் பெரும்பாலானவை 400 கிலோமீற்றருக்கும் 1,000 கிலோமீற்றருக்கும் இடைப்பட்ட உயரத்திலேயே, ஒன்றன் பாதையை மற்றொன்று குறுக்கறுத்தபடி சுற்றுகின்றன. அவற்றின் வேகம் செக்கனுக்கு ஏறத்தாழ 7.5 கிலோமீற்றர், அந்த வேகத்தில் கோட்டைப் புகையிரத நிலையத்திலிருந்து மொறட்டுவைக்கு மூன்று செக்கனில் போய்விடலாம். குறுக்கே வரும் துண்டும் அதே வேகத்தில் வருவதால், மோதலின் வேகம் செக்கனுக்கு 10 கிலோமீற்றரையும் கடக்கக்கூடும்.

2009 பெப்ரவரி 10ஆம் திகதி, செயலிழந்துபோன ரஷ்யச் செய்மதியான கொஸ்மொஸ் 2251, இயங்கிக்கொண்டிருந்த அமெரிக்கத் தொடர்பாடல் செய்மதியான இரிடியம் 33 உடன் சைபீரியாவுக்கு மேலே ஏறத்தாழ 790 கிலோமீற்றர் உயரத்தில் மோதியது. இரண்டும் பல நூறு மீற்றர் இடைவெளியில் விலகிச் செல்லும் என்பதே முற்கணிப்பாக இருந்தது. அந்த ஒரு மோதலால், கண்காணிக்கக்கூடிய பருமனுள்ள துண்டுகள் மட்டுமே 2,000க்கும் மேல் சிதறின.

10 சென்ரிமீற்றருக்கு மேற்பட்ட துண்டுகளை ராடர் மூலம் பின்தொடர்ந்து, செய்மதியைச் சற்று விலக்கிக்கொள்ள முடிகிறது. மில்லிமீற்றர் அளவானவற்றைக் கவசத்தால் ஓரளவு தடுக்கலாம். இடைப்பட்ட துண்டுகளைப் பின்தொடரவும் இயலாது, அவற்றின் அடியைத் தாங்கவும் இயலாது என்பதால், அவையே என்னை அதிகம் கவலைகொள்ளச் செய்கின்றன. ஒரு சென்ரிமீற்றரை மிஞ்சிய துண்டுகள் பத்து இலட்சத்துக்கும் அதிகம் என்று ஐரோப்பிய விண்வெளி முகவரகம் மதிப்பிடுகிறது. அந்த முகவரகத்தின் சென்டினல்-1ஏ செய்மதியின் சூரியத் தகட்டில் 2016 ஓகஸ்டில் மோதியதோ சில மில்லிமீற்றர் துகள் மட்டுமே. ஆயினும் தகட்டில் ஏறத்தாழ 40 சென்ரிமீற்றர் அகலத்துக்குச் சேதம் ஏற்பட்டதை, தகடு விரிந்ததா என்று பார்ப்பதற்காகப் பொருத்தப்பட்டிருந்த கமரா படம்பிடித்துக் காட்டியது.

உயரத்தைப் பொறுத்தே குப்பையின் ஆயுளும் அமைகிறது. நமது நாட்டின் முதற்செய்மதியான ராவணா-1, 2019இல் ஏறத்தாழ 400 கிலோமீற்றர் உயரத்தில் விடப்பட்டதால், அங்குள்ள மெல்லிய காற்றின் உராய்வினால் படிப்படியாகத் தாழ்ந்து, சில ஆண்டுகளுக்குள் எரிந்து மறைந்தது. 800 கிலோமீற்றருக்கு மேலே அந்த உராய்வு மிகக் குறைவு. 2007இல் சீனா தனது பழைய வானிலைச் செய்மதி ஒன்றை ஏவுகணையால் தகர்த்தபோது அந்த உயரத்தில் உண்டான 3,000க்கும் மேற்பட்ட துண்டுகளிற் பெரும்பாலானவை பல ஆண்டுகள் கழிந்தும் கீழே விழவில்லை. அமெரிக்கா, ரஷ்யா, இந்தியா ஆகியனவும் இத்தகைய பரிசோதனைகளை நடத்தியுள்ளன. எந்த நாடு செய்தாலும், எல்லோருக்கும் பொதுவான பாதையை வேண்டுமென்றே பாழாக்கும் இச்செயலை நான் கண்டிக்கிறேன்.

கேள்வி: இவை நம் தலையில் விழுமா?
– வாசகி ஒருவர், வெள்ளவத்தை

பதில்: அஞ்ச வேண்டியதில்லை, பெரும்பாலானவை வளிமண்டலத்திலேயே எரிந்துவிடும். 2015 நவம்பர் 13ஆம் திகதி நண்பகலுக்குச் சற்று முன்னர், டபிள்யூடி1190எஃப் எனப் பெயரிடப்பட்ட விண்வெளிக் குப்பை ஒன்று நமது தென்கரைக்கு அப்பால் கடலுக்கு மேலே எரிந்தது. அதனை விஞ்ஞானிகள் விமானத்திலிருந்து படம்பிடித்தனர்.

கேள்வி: அப்புறப்படுத்த வழியில்லையா?
– மாணவர் ஒருவர், தெமட்டகொடை

பதில்: பெரியவற்றை ஒவ்வொன்றாக இழுத்து வருவதற்கான முயற்சிகள் தொடங்கியுள்ளன. 2024இல் அஸ்ட்ரோஸ்கேல் என்னும் ஜப்பானிய நிறுவனத்தின் விண்கலம், 2009இல் ஏவப்பட்ட ரொக்கட் ஒன்றின் கைவிடப்பட்ட மேற்பகுதியை 15 மீற்றர் வரை நெருங்கிச் சென்று ஆராய்ந்தது. சென்ரிமீற்றர் அளவான துண்டுகளைப் பொறுக்கும் முறை எதுவும் இன்னும் நடைமுறைக்கு வரவில்லை. ஆகவே புதிதாகக் குப்பை சேராமல் தடுப்பதே இப்போதைக்குப் பயன் தரும். பணி முடிந்த தாழ்பாதைச் செய்மதிகள் 25 ஆண்டுகளுக்குள் அகற்றப்பட வேண்டும் என்ற பழைய வழிகாட்டலை, அமெரிக்க ஒழுங்குமுறை ஆணைக்குழு 2022இல் 5 ஆண்டுகளாகக் குறைத்தது நல்ல மாற்றம். சட்டச் சிக்கலும் உண்டு. 1967ஆம் ஆண்டின் விண்வெளி ஒப்பந்தப்படி, செயலிழந்த பின்னரும் ஒரு செய்மதி அதனைப் பதிவுசெய்த நாட்டின் அதிகாரத்துக்கே உட்பட்டது. அந்த நாடு இணங்கினாலன்றி, எத்தனை ஆபத்தான பாதையில் அது சுற்றினாலும் பிறர் அதில் கைவைக்க இயலாது.