எண்ணூர் ரோட்டுக்கு எந்த டயர்? சைக்கிள் கேள்வி பதில்

காசிமேடு: அண்ணா, ரோடு பைக்கில் தினமும் எண்ணூர் விரைவுச் சாலையில் வேலைக்குப் போகிறேன். 25 மி.மீ. டயர். அடிக்கடி பஞ்சர். எது தாங்கும்?

பதில்: தம்பி, நம் பக்கத்தில் ஆணியைவிடப் பெரிய எதிரி கம்பி. கன்டெய்னர் லாரிகளின் ரேடியல் டயருக்குள் இரும்புக் கம்பி பின்னியிருக்கும். டயர் கிழிந்து சிதறினால் அந்தத் துண்டுகள் சாலையோர மணலில் ஒதுங்கும். நாம் ஓட்டுவதும் அங்கேதான். ஃபிரேமில் இடமிருந்தால் 28க்கு மாறுங்கள், பஞ்சர் தடுப்புப் பட்டை உள்ளதாக. கான்டினென்டல் கேட்டர்ஸ்கின் நன்றாக உழைக்கும். ஷ்வால்பே மாரத்தான் பிளஸ்ஸில் 5 மி.மீ. தடிமனில் ரப்பர் அடுக்கே உண்டு. கனம்தான், ஓட்டமும் மந்தம். ஆனாலும் வேலைக்கு நேரத்தில் போய்ச் சேர வேண்டியவருக்கு அதைத்தான் சொல்வேன்.

எந்த டயர் போட்டாலும், புது டியூப் மாட்டும் முன் டயரின் உள்பக்கத்தைப் பஞ்சால் தடவிப் பாருங்கள். கம்பி முனையில் பஞ்சு இழை மாட்டும். ஒருமுறை கண்ணால் மட்டும் பார்த்துவிட்டு மாட்டினேன், எர்ணாவூர் மேம்பாலம் ஏறுவதற்குள் மறுபடி இறங்கிவிட்டது. டயரை வெளிப்பக்கமாக மடித்தபோதுதான் முனை தெரிந்தது. பாதி அரிசி நீளம்கூட இல்லை.

தண்டையார்பேட்டை: ஓட்டை ரிம் பக்கம் விழுகிறது.

பதில்: ரிம்மின் உள்பக்கம் ஸ்போக் துளைகளை மூடும் பட்டையான ரிம் டேப் விலகி, ஸ்போக் துளையின் விளிம்பு டியூபை அறுக்கிறது. டேப்பை மாற்றுங்கள்.

வியாசர்பாடி: பக்கம் பக்கமாக இரண்டு ஓட்டை.

பதில்: பாம்புக்கடி என்போம். காற்று குறைவாக இருந்து பள்ளத்தில் இறங்கினால் ரிம் டியூபை நசுக்கிவிடும்.

மணலி: அப்போ காற்றழுத்தம் 120 பிஎஸ்ஐ வரை அடித்தால் பஞ்சரும் வராது, வேகமும் கிடைக்குமே?

பதில்: கிடைக்காது. 28 டயரில் 70 கிலோ ஆளுக்கு சுமார் 75 பிஎஸ்ஐ போதும். கல்லுப் போன்ற டயர் கரடுமுரடான ரோட்டில் குதிக்கும், மிதிக்கிற பலம் அந்தக் குலுங்கலில் போய்விடும்.

மணலி: பந்தயக்காரர்கள் 23 டயரில் கெட்டியாக அடித்துத்தானே ஜெயித்தார்கள்?

பதில்: ஜெயித்தார்கள், சரி. அவர்களே இப்போது 28க்கு வந்துவிட்டார்களே!

எர்ணாவூர்: மணலி அண்ணன் சொல்வதுதான் சரி. டயரிலேயே 120 என்று போட்டிருக்கிறது.

பதில்: அது உச்ச வரம்பு, தாண்டக் கூடாத அளவு. அவ்வளவு அடிக்கச் சொல்லவில்லை. ஒரு வாரம் 75இல் ஓட்டுங்கள், அடுத்த வாரம் 120. அதே ரோடு, அதே நேரம். உங்கள் மணிக்கட்டே பதில் சொல்லும்.

ராயபுரம்: எந்த டயர் நல்லது?

பதில்: முதல் பதிலைப் படியுங்கள்.

பெரம்பூர்: ஒட்டுப் போட்டால் நிற்பதே இல்லை.

பதில்: உப்புத்தாளால் தேய்த்து, சொல்யூஷன் தடவி, ஈரப் பளபளப்பு போகும்வரை காத்திருங்கள். 5 நிமிடம் ஆகும். ஈரத்தோடு ஒட்டினால் பிய்ந்துவிடும்.

கொருக்குப்பேட்டை: ஸ்கூட்டருக்கு டியூப்லெஸ் போடலாமா?

பதில்: ஸ்கூட்டர் மெக்கானிக்கைக் கேளுங்கள்.

திருவொற்றியூர்: நேற்றுதான் புது டியூப் மாட்டினேன், காலையில் காற்றே இல்லை. டியூப் மட்டமா அண்ணா?

பதில்: பஞ்சால் தடவிப் பார்த்தீர்களா?