குஞ்சுத் தீவனத்தில் பாஸ்பரஸும் பைட்டேஸும்: பண்ணையாளர் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: ஐயா, மக்காச்சோளத்திலும் சோயாப் புண்ணாக்கிலும் பாஸ்பரஸ் இருக்கும்போது டிசிபி (டைகால்சியம் பாஸ்பேட்) எதற்கு?

பதில்: இருப்பதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு பைட்டேட் என்ற சேர்மமாகப் பூட்டிக் கிடக்கிறது. அதைப் பிரிக்கும் நொதியான பைட்டேஸ் குஞ்சின் குடலில் மிகக் குறைவு. பிரியாதது எச்சத்தோடு போய்விடும். ஆகவே மொத்த பாஸ்பரஸைப் பார்க்காதீர்கள், கிடைக்கும் பாஸ்பரஸைப் பாருங்கள். அமெரிக்கத் தேசிய ஆராய்ச்சிக் குழுவின் 1994 அட்டவணைப்படி, கறிக்கோழிக்கு முதல் 3 வாரங்களில் இது 0.45 சதவீதம், கால்சியம் 1 சதவீதம்.

கேள்வி: எங்கள் பைட்டேஸின் வீரியம் கிராமுக்கு 5,000 யூனிட். டன்னுக்கு 100 கிராம் போடுகிறோம். டிசிபியை எவ்வளவு குறைக்கலாம்?

பதில்: அந்த அளவில் கிலோ தீவனத்துக்கு 500 யூனிட் கிடைக்கிறது. பொதுவாக இது 0.10 முதல் 0.15 சதவீத பாஸ்பரஸை விடுவிக்கும். தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறுவதால் உங்கள் நிறுவனம் தரும் கணக்கைக் கேட்டு வாங்குங்கள். குஞ்சுப் பருவத்தில் 0.10 சதவீதத்துக்கு மேல் கணக்கில் எடுக்காதீர்கள் என்றே நான் சொல்வேன். அதாவது டன்னுக்கு 1 கிலோ பாஸ்பரஸ். டிசிபியில் பாஸ்பரஸ் 18 சதவீதம் என்றால் சுமார் 5.5 கிலோ குறைக்கலாம்.

கேள்வி: அப்படித்தான் குறைத்தோம். 12 நாள் குஞ்சுகள் உட்கார்ந்துவிடுகின்றன, அலகு ரப்பர்போல் வளைகிறது. நொதி போலியா?

பதில்: நொதியைச் சந்தேகிக்கும் முன் சுண்ணாம்புக்கல் தூளை எடை போடுங்கள். டிசிபியைக் குறைத்ததும் கால்சியமும் குறையும் என்று பயந்து, விலை மலிவான சுண்ணாம்பை அள்ளிப் போடுகிறார்கள். பைட்டேஸ் வேலை செய்யும் இடம் தீனிப்பையும் இரைப்பையும். அங்கே அமிலத்தன்மை வேண்டும். சுண்ணாம்பு அந்த அமிலத்தை முறித்துவிடும். மிகுந்த கால்சியம் பைட்டேட்டோடு சேர்ந்து கரையாத உப்பாகிவிடும். அதன் பிறகு நொதியால் அதைத் தொட முடியாது. மாவாக அரைத்த சுண்ணாம்பு வேகமாகக் கரைவதால் கெடுதல் இன்னும் அதிகம். தாளில் பாஸ்பரஸ் சரியாக இருக்கும், குஞ்சு பாஸ்பரஸ் இல்லாமல் தவிக்கும். இத்தனைக்கும், பைட்டேஸ் கொஞ்சம் கால்சியத்தையும் விடுவிக்கிறது. குறைந்த கால்சியம் முழுவதையும் ஈடுகட்டத் தேவையே இல்லை.

அடுத்து, தீவனத்தைக் குச்சிகளாக அழுத்தும் பெல்லட் இயந்திரத்தின் வெப்பம். 85 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் பாதுகாப்புப் பூச்சில்லாத நொதி பெருமளவு செத்துவிடும்.

வைட்டமின் டி3 குறைந்தாலும் கால்சியமே குறைந்தாலும் அலகு இப்படித்தான் வளையும். ஆகவே இரண்டு மூன்று குஞ்சுகளைக் கால்நடை மருத்துவரிடம் காட்டி எலும்பைப் பார்க்கச் சொல்லுங்கள். தீவனத்தைக் கால்சியம், பாஸ்பரஸ், நொதி வீரியம் மூன்றுக்கும் ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். முடிவு வரும்வரை காத்திருக்காமல், முழு அளவு டிசிபி போட்டுக் கலந்த தீவனத்துக்கு இன்றே மாற்றிவிடுங்கள். அந்தக் குஞ்சுகளுக்கு ஒவ்வொரு நாளும் முக்கியம்.

கேள்வி: கால் உறுதியாக டிசிபியை இன்னும் கூட்டலாமா?

பதில்: வேண்டாம். கால்சியத்துக்கு மிஞ்சிய பாஸ்பரஸும் காலைக் கெடுக்கும். கால் எலும்பின் மேல்முனையில் குருத்தெலும்பு கட்டியாகத் தங்கிவிடும்.

கேள்வி: பைட்டேஸைத் தாது உப்பு, கோலின் குளோரைடோடு முன்கூட்டியே கலந்து வைக்கலாமா?

பதில்: கூடாது. கோலின் ஈரத்தை இழுக்கும், தாது உப்புகள் நொதியைச் சிதைக்கும். தனிப் பையில், குளிர்ந்த உலர்ந்த இடத்தில் வைத்து, தீவனம் அரைக்கும் அன்று ஒரு கிலோ சோள மாவில் கலந்து பிறகு மிக்சரில் சேருங்கள்.