ஆர்பிட்ரேஷனா, கோர்ட்டா? டெவலப்பர்கள் கேட்டவை

கேள்வி: சார், ஆர்பிட்ரேஷன் என்றால் இருவரையும் உட்கார வைத்துச் சமரசம் பேசுவதுதானே?

இல்லை. சமரசம் பிடிக்காவிட்டால் எழுந்து போய்விடலாம். இங்கே கோர்ட்டுக்கு வெளியே இரு தரப்பும் ஒப்புக்கொண்டு வைக்கும் நடுவர் சொல்வது தீர்ப்பு, இருவரும் கட்டுப்பட வேண்டும். நீதிபதியை நாம் தேர்ந்தெடுக்க முடியாது. நடுவரைத் தேர்ந்தெடுக்கலாம், கோடு படிக்கத் தெரிந்தவரையே கூட.

கேள்வி: வெளிநாட்டு கிளையன்ட் கடைசி இன்வாய்ஸுக்குப் பணம் தரவில்லை. எங்கே போவது?

முதலில் ஒப்பந்தத்தைப் பாருங்கள். ஆர்பிட்ரேஷன் ஷரத்து, அதாவது தகராறு வந்தால் நடுவரிடம் போவோம் என்ற வரி, இருந்தால் அந்த வழிதான். நாடு விட்டு நாடு வசூலிக்க அது நல்லதும்கூட: 1958-ஆம் ஆண்டின் நியூயார்க் உடன்படிக்கையில் 170-க்கும் மேற்பட்ட நாடுகள் உள்ளன, நடுவர் தீர்ப்பை அங்கெல்லாம் அமல்படுத்தக் கேட்கலாம். கோர்ட் தீர்ப்புக்கு அவ்வளவு அகலமான ஏற்பாடு இல்லை. ஆனால் நீதிபதிக்கு அரசு சம்பளம் தருகிறது, நடுவருக்கு நாம்தான் தர வேண்டும். பாக்கி சின்னதென்றால் சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்.

கேள்வி: வழக்கென்று போனால் எங்கள் சோர்ஸ் கோடு வெளியே வந்துவிடாதா?

கோர்ட்டிலும் மூடி வைக்கக் கேட்கலாம், ஆனால் விசாரணை பொதுவாகத் திறந்த மன்றத்தில்தான். ஆர்பிட்ரேஷன் மூடிய அறை. இதில் எனக்குப் பிடித்த உதாரணம் ஐபிஎம் - ஃபுஜிட்சு தகராறு. மெயின்ஃபிரேம் ஆபரேட்டிங் சிஸ்டம் பற்றியது. 1987-இல் நடுவர்கள் ஓர் ஏற்பாடு செய்தார்கள்: பாதுகாக்கப்பட்ட இடத்தில் தனி ஆட்கள் மட்டும் எதிர்த்தரப்புக் கோடைப் பார்ப்பார்கள், அனுமதித்த இன்டர்ஃபேஸ் விவரத்தை மட்டும் எழுதி வெளியே தருவார்கள், புது மென்பொருள் எழுதுகிறவர்கள் அந்தத் தாளை மட்டுமே பார்க்கலாம். கோடு எப்படிப் பிறக்கிறது என்று தெரிந்தவர்களுக்குத்தான் இப்படித் தோன்றும். ஒன்று, ரகசியம் தானாக வந்துவிடும் என்று இருக்காதீர்கள், ஷரத்தில் எழுதிவிடுங்கள்.

கேள்வி: முகம் தெரியாத ஒருவர் என் கோடைத் திருடி விற்கிறார்.

கோர்ட்தான். அவருக்கும் உங்களுக்கும் ஒப்பந்தமே இல்லையே.

கேள்வி: வேலையை விட்டவர் கோடோடு போட்டி நிறுவனத்துக்குப் போய்விட்டார். ஷரத்து இருக்கிறது. அப்புறம் கோர்ட் வேண்டாமா?

வேண்டும். நடுவர் குழு அமையவே வாரக்கணக்கில் ஆகலாம். அவசர நடுவர் என்று ஓர் ஏற்பாடு உண்டு, ஆனால் கையெழுத்துப் போடாத அந்தப் போட்டி நிறுவனத்தை அவர் கட்டுப்படுத்த முடியாது. ஷரத்து இருந்தாலும் இடைக்காலத் தடைக்குக் கோர்ட்டை அணுகப் பெரும்பாலான சட்டங்கள் இடம் தருகின்றன.

கேள்வி: நடுவர் தப்பாகச் சொல்லிவிட்டால் அப்பீல் உண்டா?

பொதுவாக இல்லை. பாரபட்சம், உங்கள் வாதத்தையே கேட்காதது, அதிகாரம் மீறியது போன்ற சில காரணங்களுக்கு மட்டும் ரத்து கேட்கலாம். சட்டத்தைத் தப்பாகப் படித்தார் என்பது பெரும்பாலும் எடுபடாது. அப்பீல் உள்ள பக்கத்தையும் பாருங்கள்: ஜாவா ஏபிஐ பற்றி ஆரக்கிள் 2010-இல் கூகுள் மேல் போட்ட வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் முடிந்தது 2021-இல்.

கேள்வி: சரி, ஷரத்தில் என்னென்ன எழுத வேண்டும்?

எந்த ஊர் சட்ட இருக்கை (அதாவது எந்த ஊர்ச் சட்டமும் கோர்ட்டும் இந்த ஆர்பிட்ரேஷனுக்குப் பொருந்தும் என்பது), எந்த நடைமுறை விதிகள், எந்த மொழி, எத்தனை நடுவர். சின்ன ஒப்பந்தத்துக்கு ஒருவர் போதும். மூன்று பேர் என்றால் மூன்று பேருக்கும் கட்டணம்.