டூரிங் க்ரூஸர் வாங்கப் போறீங்களா? ஓனர்கள் சொல்ற குறையையும் கேளுங்க

(வாசகர் கேள்வி பதில். இந்தத் தடவை வந்த கேள்விகள்ல பாதிக்கு மேல ராயல் என்ஃபீல்டு சூப்பர் மீட்டியோர் 650 பத்தியே இருந்துச்சு, அதனால மத்த வண்டிங்கள அடுத்த இதழுக்குத் தள்ளி வச்சிருக்கோம்.)

கேள்வி: அண்ணே, சூப்பர் மீட்டியோர் 650 புக் பண்ணலாம்னு இருக்கேன். வீடியோல எல்லாரும் ஆஹா ஓஹோங்கறாங்க. வச்சு ஓட்டறவங்க மனசுல இருக்கற உண்மையான குறை என்ன? (வாசகர், திருப்பூர்)

பதில்: தம்பி, ஓனர்கள் கிட்ட பேச்சு குடுத்தா மொதல்ல இன்ஜினப் பத்திதான் ஆரம்பிப்பாங்க. 648 சிசி, ரெட்டை சிலிண்டர், 47 பிஎஸ், 100ல போனாலும் அலட்டிக்காம போகுதுன்னு. அதுல யாருக்கும் பெருசா குறை இல்ல. கொஞ்ச நேரம் பேச விட்டாதான் ரோட்டப் பத்தி வரும். அவங்க சொல்ற குறைல முக்கால்வாசி ஒரே காரணத்துலருந்து வருது, வண்டி தாழ்வு, நீளம், கால முன்னாடி நீட்டி உக்கார்ற அமைப்பு. நாலு வழிச்சாலைல சுகமா இருக்கற அதே விஷயம்தான் ஊருக்குள்ள தொல்லை குடுக்குது.

மத்த வண்டில பள்ளத்தப் பாத்ததும் நம்மள அறியாமலே ஃபுட்பெக்க (கால் வைக்கற கம்பி) அழுத்தி லேசா எழுந்துக்குவோம், அடி முழங்காலோட போயிடும். க்ரூஸர்ல கால் முன்னாடி இருக்கறதால எழுந்து நிக்க வழியில்ல, மொத்த வெயிட்டும் வால் எலும்பு மேலதான், கவனிக்காம ஒரு பள்ளத்துல விட்டீங்கன்னா அடி நேரா நடு முதுகுக்குப் போகும். பின் சஸ்பென்ஷன் அசையறது 101 மில்லிமீட்டர்தான், இதே கம்பெனியோட ஹிமாலயன் 450ல அது 200. அந்த வித்தியாசம் பேப்பர்ல சின்னதா தெரியும், ஊராட்சி ரோட்டுல ஒரு கிலோமீட்டர் போனா உடம்புக்குத் தெரியும்.

அடுத்தது ஸ்பீடு பிரேக்கர். கிரவுண்ட் கிளியரன்ஸ், அதாவது வண்டியோட அடிப்பாகத்துக்கும் ரோட்டுக்கும் உள்ள எடவெளி, 135 மில்லிமீட்டர். மீட்டியோர் 350ல 170, இதே இன்ஜின் போட்ட இன்டர்செப்டர்ல 174. இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ் விதிப்படி வேகத்தடை 10 சென்டிமீட்டர் உயரம், 3.7 மீட்டர் அகலம் இருக்கணும், அப்படிப் போட்டா எந்த வண்டியும் அழகா ஏறி இறங்கும். நம்ம தெருவுல தார் மிச்சமானா ஆளாளுக்கு மண்மேடு மாதிரி குவிச்சு வச்சிருக்காங்க, அதுல 1500 மில்லிமீட்டர் வீல்பேஸ் (ரெண்டு சக்கரத்துக்கும் நடுவுல உள்ள தூரம்) உள்ள வண்டி, பின்னாடி ஆளும் இருந்தா, அடிப்பாகம் தட்டத்தான் செய்யும். கோணலா ஏத்தி மெதுவா இறக்கறதுதான் வழி, ஆனா பின்னாடி வர்ற பஸ்காரர் அதுக்கு டைம் குடுக்கணுமே.

வெயிட் 241 கிலோ. ஓடும்போது தெரியாது, தள்ளும்போது தெரியும். ரிவர்ஸ் கியர் கிடையாதுங்கறதால சரிவுல மூக்கக் கீழ்ப் பக்கமா வச்சு சுவரோரம் நிறுத்திட்டா தனியா வெளிய எடுக்கறது பெரும்பாடு. புதுசா வாங்கினவங்க நிறைய பேர் மொதல்ல கத்துக்கறது ஓட்டறத இல்ல, எங்க நிறுத்தணும்ங்கறதத்தான். இத்தனையும் கேட்டுட்டு, உங்க வாசல்லருந்து பைபாஸ் வரைக்கும் உள்ள ரோடு எப்படின்னு நீங்களே ஒரு தடவை யோசிச்சுப் பாருங்க. அங்க ரோடு சரியா இருந்தா புக் பண்ணுங்க.

கேள்வி: சார், என் வீட்டுக்காரர் இந்த வண்டிய வாங்கியே தீருவேன்னு நிக்கறாரு. பின்னாடி உக்காந்து ராமேஸ்வரம் வரைக்கும் போகப் போறது நான்தான். என்னப் பத்தி யாருமே எழுத மாட்டேங்கறாங்க. (வாசகி, மதுரை)

பதில்: அம்மா, நீங்க கேட்டது ரொம்ப சரியான கேள்வி, இத ஷோரூம்லயும் யாரும் சொல்ல மாட்டாங்க. ஓட்டறவருக்கு அகலமான சீட்டு, பின்னாடி உக்கார்றவங்களுக்கு அதுல சின்னத் துண்டுதான். இந்த வண்டியோட ஆஸ்ட்ரல், இன்டர்ஸ்டெல்லர் மாடல்கள்ல முதுகு சாயறதுக்கு எதுவும் வராது, அவர் ஆக்சிலரேட்டர முறுக்கினா நீங்க பின்னாடி சரியாம இருக்க அவரையேதான் புடிச்சுக்கணும். செலஸ்டியல் டூரர் மாடல்ல பேக்ரெஸ்ட், பெரிய டூரிங் சீட்டு, முன்னாடி உயரமான கண்ணாடி எல்லாம் சேர்ந்தே வருது. ரெண்டு பேரும் தூரம் போறதா இருந்தா விலை கூடன்னு பாக்காம அதையே எடுக்கச் சொல்லுங்க, இல்ல மத்ததுல பேக்ரெஸ்டும் சீட்டும் தனியா போட்டுத் தரச் சொல்லிட்டு அப்பறமா ஒத்துக்குங்க.

இன்னொரு விஷயம், சேலை கட்டிட்டு ஒருபக்கமா உக்காந்து இவ்ளோ தூரம் போறது ஆபத்து. பக்கத்துக் கடைக்குப் போறதுலயே அது சரியில்ல, நெடுஞ்சாலைல லாரி காத்து அடிக்கும்போது ஒரு பக்கமா இருக்கற உடம்பு வண்டியையே இழுக்கும். சுடிதாரோ பேன்ட்டோ போட்டுட்டு ரெண்டு பக்கமும் கால் போட்டு உக்காருங்க, ஹெல்மெட் உங்களுக்குன்னு உங்க தலை அளவுல தனியா வாங்கச் சொல்லுங்க. பின் சஸ்பென்ஷன்ல அஞ்சு படி ப்ரீலோடு அட்ஜஸ்ட்மென்ட் (வெயிட்டுக்கு ஏத்த மாதிரி ஸ்ப்ரிங்க இறுக்கறது) இருக்கு, தனியா ஓட்டும்போது வச்ச அளவுலயே விட்டுட்டு உங்கள ஏத்திட்டுப் போனா பள்ளத்துல கடைசி வரைக்கும் போய் இடிக்கும், அந்த இடி மொத்தமும் உங்களுக்குத்தான். கெளம்பறதுக்கு முன்னாடி ரெண்டு படி ஏத்தச் சொல்லுங்க, டயர் காத்தும் மேனுவல்ல ரெண்டு ஆளுக்குன்னு போட்டிருக்கற அளவுக்கு மாத்தச் சொல்லுங்க.

கேள்வி: எங்க ஊர்ப் பக்கம் கொல்லிமலை. இந்த வண்டில ஏறலாமா? (வாசகர், நாமக்கல்)

பதில்: ஏறலாம், ஏறறாங்க. ஆனா 70 கொண்டை ஊசி வளைவு, அதுல இது சந்தோஷமா போற வண்டி இல்ல. தாழ்வா இருக்கறதால ரொம்ப சாய்க்க முடியாது, ஃபுட்பெக் ரோட்டுல உரசிடும். ஏறும்போது இடது பக்க வளைவுதான் ரொம்ப மோசம், உள்பக்கம் செங்குத்தா இருக்கும், அங்க போய் வேகம் குறைஞ்சு இன்ஜின் ஆஃப் ஆச்சுன்னா வண்டி உள்பக்கமா சாயும், 241 கிலோவ ஒத்தக் கால்ல யாராலயும் நிறுத்த முடியாது. அதனால வளைவுக்கு முன்னாடியே கியரக் குறைச்சுடுங்க, உள்ள போனதுக்கப்பறம் கிளட்ச முழுசா புடிக்காதீங்க, ஹேண்டில் திரும்பியிருக்கும்போது முன் பிரேக்கத் தொடவே தொடாதீங்க, பின் பிரேக்க மட்டும் லேசா வச்சுக்கிட்டு வளைவு முடியற எடத்தப் பாத்துப் போங்க. பஸ் எறங்குதுன்னு ஹாரன் கேட்டா கீழயே நேரான எடத்துல நின்னுடறது நல்லது.

விழுந்துடுச்சுன்னா முன்னாடி குனிஞ்சு தூக்காதீங்க, இடுப்பு போயிடும். வண்டிக்கு முதுகக் காட்டி உக்காந்து, ஒரு கைல ஹேண்டில், ஒரு கைல பின்பக்கக் கம்பி புடிச்சு, கால் பலத்துல தள்ளிட்டே எழுந்திரிங்க. வலது பக்கம் விழுந்திருந்தா தூக்கறதுக்கு முன்னாடியே சைடு ஸ்டாண்டப் போட்டுடணும், இல்லன்னா தூக்கற வேகத்துல இடது பக்கம் விழுந்துடும். வாரா வாரம் மலை ஏறறவர்னா இதே இன்ஜின் உள்ள இன்டர்செப்டரப் பாருங்க, இல்ல ஹிமாலயன் 450ஐப் பாருங்க, மனசு எவ்ளோ க்ரூஸர் பக்கம் இழுத்தாலும் சரி.

கேள்வி: வாங்கினதுக்கப்பறம் செலவு எப்படி? சென்னை ட்ராஃபிக்ல சூடு தாங்குமா? (வாசகர், வேளச்சேரி)

பதில்: வாங்கறதுக்கு முன்னாடியே செலவு ஆரம்பிச்சுடுது. 2025 செப்டம்பர் 22லருந்து 350 சிசிக்கு மேல உள்ள பைக்குக்கு ஜிஎஸ்டி 40 சதவீதம், முன்னாடி செஸ்ஸோட சேத்து 31தான் இருந்துச்சு. அதே நாள்ல 350 வரைக்கும் உள்ளதுக்கு 28லருந்து 18ஆ குறைச்சுட்டாங்க. ஆக மீட்டியோர் 350க்கும் இதுக்கும் நடுவுல இருந்த எடவெளி இன்னும் பெருசாயிடுச்சு. தமிழ்நாட்டுல ஒரு லட்சத்துக்கு மேல உள்ள வண்டிக்கு ஆயுள் வரி 12 சதவீதம். புது வண்டிக்கு அஞ்சு வருஷ தேர்ட் பார்ட்டி இன்ஷூரன்ஸ், 2022ல நிர்ணயிச்ச கணக்குப்படி 350 சிசிக்கு மேலன்னா 15,117 ரூபா, 150க்கு மேல 350 வரைக்கும்னா 7,365. இஎம்ஐ கணக்கு போடும்போது எக்ஸ் ஷோரூம் விலைய வச்சுப் போட்டு நிறைய பேர் ஏமாந்து போறாங்க, வரி, இன்ஷூரன்ஸ் எல்லாம் சேர்ந்த ஆன் ரோடு விலைய எழுதி வாங்கிட்டு அப்பறம் போடுங்க.

டேங்க் 15.7 லிட்டர், மைலேஜ் ஓட்டற விதத்தப் பொறுத்து 22லருந்து 25 வரைக்கும் சொல்றாங்க, அப்ப 300 தாண்டினதும் பங்க் தேடணும். டூரிங்னு பேர் போட்டிருக்கற வண்டிக்கு இன்னும் ரெண்டு லிட்டர் குடுத்திருக்கலாம்ங்கறது என் கருத்து. ஒரு நல்ல விஷயம், அலாய் வீல், ட்யூப்லெஸ், பஞ்சர் ஆனா ரோட்டோரமே ஒட்டிட்டுப் போயிடலாம். ஆனா பின் டயர் 150/80-16, அந்த சைஸ் சின்ன ஊர்க் கடைல கெடைக்கறது கஷ்டம், தேய்மானத்தப் பாத்து ஊர்லயே மாத்திட்டுக் கெளம்பணும்.

சூடு இருக்கத்தான் இருக்கு. காத்தாலயும் ஆயிலாலயும் குளிர்ற இன்ஜின், வண்டி நகராம நின்னா காத்து எங்கருந்து வரும்? மே மாசம் சிக்னல் சிக்னலா நிக்கும்போது முழங்காலுக்குக் கீழ நல்லா உறைக்கும். தினமும் ஆபீசுக்கு இதுலதான்னா வேணாம்னுதான் சொல்லுவேன், வீட்டுல ஒரு ஸ்கூட்டர் இருக்கட்டும்.

கேள்வி: நான் 5 அடி 2 அங்குலம். கால் எட்டுமா? (வாசகி, புதுச்சேரி)

பதில்: எட்டும்மா, சீட்டு உயரம் 740 மில்லிமீட்டர்தான். கை எட்டுதான்னு பாருங்க, அதத்தான் யாரும் பாக்கறதில்ல. முழுசா யூ டர்ன் எடுக்கும்போது வெளிப்பக்க ஹேண்டில் தள்ளிப் போகும், அப்ப தோள் முன்னாடி இழுபட்டா கட்டுப்பாடு போயிடும். ஃபுட்பெக்கும் முன்னாடி இருக்கறதால குட்டையான கால் நீட்டினபடியே இருக்கும், ஒரு மணி நேரத்துல இடுப்பு புடிச்சுக்கும்.

கேள்வி: பெங்களூர்ல வேலை. மைசூர் எக்ஸ்பிரஸ்வேல இத ஒரு தடவை விரட்டிப் பாக்கணும்னு ஆசை. (வாசகர், பெங்களூரு)

பதில்: முடியாது தம்பி. 2023 ஆகஸ்ட் 1லருந்து அங்க நடு ரோட்டுல டூ வீலருக்கு அனுமதி இல்ல, 650 சிசியா இருந்தாலும் சர்வீஸ் ரோடுதான்.

கேள்வி: டெஸ்ட் ரைடுல எதப் பாத்தா இந்தக் குறையெல்லாம் தெரியும்? எனக்கு 54 வயசு, லேசா முதுகு வலி உண்டு. (வாசகர், தஞ்சாவூர்)

பதில்: ஐயா, ஷோரூம்காரங்க நல்ல ரோட்டுல ஒரு சுத்து விட்டுக் கூட்டிட்டு வந்துடுவாங்க, அதுல எந்தக் குறையும் தெரியாது. இன்ஜின் ஆஃப்ல இருக்கும்போதே பார்க்கிங்லருந்து நீங்களே பின்னாடி தள்ளி வெளிய எடுங்க. அப்பறம் உங்க தெரு மாதிரி மோசமான ரோடு ஒண்ணு, உயரமான வேகத்தடை ஒண்ணு, குறுகலான யூ டர்ன் ஒண்ணு, மூணும் வர்ற வழியா கேட்டுப் போங்க, வீட்டம்மாவையும் பின்னாடி உக்கார வச்சு இன்னொரு தடவை அதே வழில போங்க. 80க்கு மேல போகும்போது, முன்னாடி காத்துத் தடுப்புக் கண்ணாடி இருந்தா, அதுக்கு மேல வர்ற காத்து ஹெல்மெட்ட ஆட்டுதான்னு பாருங்க, உயரமானவங்களுக்கு அது கழுத்து வலிய குடுத்துடும். முதுகு வலிக்கு வைத்தியம் பாக்கறீங்கன்னா, கால் நீட்டி உக்காந்து அடி வாங்கற வண்டின்னு டாக்டர்கிட்ட வெவரமா சொல்லிக் கேளுங்க. முடிஞ்சா தெரிஞ்சவங்க வண்டியோ வாடகை வண்டியோ எடுத்துட்டு தஞ்சாவூர்லருந்து திருச்சி போய்ட்டு வாங்க, மறுநாள் காலைல எழுந்திரிக்கும்போது முதுகு எப்படி இருக்குன்னு பாத்துட்டு அட்வான்ஸ் கட்டுங்க.