அமெரிக்காவில் துப்பாக்கித் தோட்டாவை வீட்டிலேயே நிரப்பிக்கொண்டால் உண்மையில் பணம் மிச்சமாகுமா?

ரைபிள் என்றால் மிச்சமாகும். 9 எம்எம் பிஸ்டல் மட்டும்தான் இருக்கிறது என்றால் ஆசையை விட்டுவிடுங்கள்.

கேள்வியைப் பார்த்தால், புதிதாகத் துப்பாக்கி வாங்கிவிட்டுத் தோட்டா விலையைப் பார்த்து மலைத்துப் போயிருப்பவர் போலத் தெரிகிறது. முதலில், என்ன விசாவில் இருக்கிறீர்கள்? எச்-1பி வேலை விசா, மாணவர் விசா போன்றவற்றில் இருப்பவர் தோட்டாவைக் கையில் வைத்திருப்பதே ஃபெடரல் (மத்திய அரசு) சட்டப்படி குற்றம். வேட்டை லைசென்ஸ் மாதிரி சில விலக்குகள் மட்டும் உண்டு. கிரீன் கார்டு இருந்தால் இந்தத் தடை கிடையாது. சொந்த உபயோகத்துக்கு நிரப்ப ஃபெடரல் லைசென்ஸ் வேண்டாம், விற்கக் கிளம்பினால் வேண்டும். இந்தியாவிலிருந்து படிப்பவர்கள் முயற்சியே செய்யாதீர்கள். லைசென்ஸ் இல்லாமல் தோட்டா தயாரிப்பதை அங்கே 1959 ஆயுதச் சட்டம் தடை செய்கிறது.

சரி, கணக்குக்கு வருவோம். தோட்டாவில் பித்தளைக் கூடு, அடியில் தீப்பொறி தரும் ப்ரைமர், உள்ளே வெடிமருந்துப் பவுடர், நுனியில் குண்டு என நான்கு சாமான். சுட்டதும் கூடு மட்டும்தான் மிஞ்சும். அதைத் திரும்ப நிரப்புவதில்தான் பணம் மிச்சமாகிறது. என் .308 அளவு ரைபிளுக்கு நல்ல வேட்டைத் தோட்டா கடையில் ஒன்றரை டாலருக்குக் குறைந்து கிடைப்பதில்லை. நானே நிரப்பினால் 80 சென்ட் அளவில் முடிகிறது. ஒரு பவுண்டு பவுடரில் சுமார் 160 தோட்டா வரும். தோட்டாவை அழுத்திச் சேர்க்கும் ப்ரஸ், அதில் மாட்டும் அச்சான டை, பவுடர் நிறுக்கும் தராசு எல்லாம் சேர்ந்து 300, 400 டாலர் ஆகும். அது சில சீசனில் திரும்பி வந்துவிடும். 9 எம்எம்மில் தோட்டாவுக்கு நாலைந்து சென்ட்தான் மிஞ்சும், போட்ட காசை எடுக்கவே ஆறாயிரத்திலிருந்து பத்தாயிரம் வரை சுட வேண்டும். அதோடு பிஸ்டல் கூட்டில் பவுடர் கொஞ்சம்தான் போகும். தவறி இரண்டு முறை விழுந்தாலும் வழியாது, வெளியே தெரியாது. சுடும்போது துப்பாக்கியே வெடித்துவிடலாம்.

எனக்கு இதைக் கற்றுக்கொடுத்தவர் டெக்சாஸில் எங்கள் தெருவில் இருக்கும் பெரியவர் ஒருவர், லேத் பட்டறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தெரிந்தவர் ஒருவர் மலிவாகக் கொடுத்த பழைய கூடுகளை ஒரு வாளியில் அவரிடம் கொண்டுபோனேன். ஒரு பேப்பர் க்ளிப்பை நிமிர்த்தி, நுனியை மட்டும் கொக்கியாக வளைத்து, கூட்டுக்குள் விட்டு உட்சுவரோடு மெதுவாக இழுத்தார். பிறகு என் கையில் கொடுத்தார். அடியிலிருந்து கொஞ்சம் மேலே நுனி 'டக்'கென்று ஒரு பள்ளத்தில் இடறியது. அந்தக் கூட்டை வைஸில் பிடித்து நெடுக்காக அறுத்துக் காட்டினார். அந்த இடத்தில் பித்தளை தகடாக மெலிந்திருந்தது. இன்னொரு முறை சுட்டிருந்தால் அங்கேயே பிய்ந்து, சூடான வாயு பின்பக்கம் முகத்தை நோக்கிப் பாயலாம். அதே மாதிரி இடறியதை எல்லாம் இடுக்கியால் நசுக்கிப் பழைய பித்தளை போடும் டப்பாவில் போட்டார். வாளியில் பாதி போய்விட்டது. இன்றைக்கும் க்ளிப் விட்டுப் பார்க்காமல் நான் ஒரு கூட்டையும் நிரப்புவதில்லை. பவுடர் போட்ட பிறகு, குண்டை வைப்பதற்கு முன், கட்டையில் வரிசையாக நிறுத்தி, டார்ச் அடித்து எல்லாக் கூட்டிலும் பவுடர் ஒரே மட்டமாக இருக்கிறதா என்றும் பார்ப்பேன்.

'துப்பாக்கிக் கலாசாரத்தை வளர்க்கிறான்' என்று யாராவது எழுதத்தான் போகிறார்கள். நான் மான் வேட்டைக்குப் போகிறேன், சுட்டதைச் சாப்பிடுகிறேன். துப்பாக்கி பூட்டிய பெட்டியில் இருக்கிறது, பவுடர் அதன் சொந்த டப்பாவில் வேறு அறையில் இருக்கிறது. அமெரிக்காவில் துப்பாக்கியால் சாகிறவர்களைப் பற்றி எனக்குக் கவலை இல்லை என்று யாரும் நினைக்க வேண்டாம்.

இதைச் சொல்லியே ஆக வேண்டும். எங்கள் ஊர்த் தமிழ்ச் சங்கப் பொங்கல் விழாவுக்கு நான் சமைத்துக்கொண்டு போன மான்கறி வறுவலைக் கேட்டுக் கேட்டுச் சாப்பிட்டவர்கள், மறுவாரமே 'அவர் வீட்டுக்குப் பிள்ளைகளை அனுப்பாதீர்கள்' என்று வாட்ஸப்பில் போட்டார்கள். நேரில் வந்து கேட்டிருந்தால் பெட்டியைத் திறந்து காட்டியிருப்பேன். ஒருவரும் கேட்கவில்லை. அதிலிருந்து என் மனைவி அந்த விழாவுக்கே வருவதில்லை.

அப்புறம், 2020-21 தட்டுப்பாட்டில் ப்ரைமர் விலை இரண்டு மூன்று மடங்கானது. அதனால் ப்ரஸ் வாங்குவதற்கு முன்னால் உங்கள் பக்கத்துக் கடையில் ப்ரைமர் கிடைக்கிறதா என்று பாருங்கள். ஆன்லைனில் வாங்கினால் 'ஹேஸ்மேட்' (அபாயப் பொருள் அனுப்பும்) கட்டணம் தனி. பவுடர் அளவை எந்த வீடியோவிலிருந்தும் எடுக்காதீர்கள், பவுடர் கம்பெனி வெளியிடும் அட்டவணையை மட்டும் பாருங்கள். வேலை முடிந்ததும் கையை நன்றாகக் கழுவுங்கள், ஈயம் உடம்பில் சேரும்.

எந்த கேலிபர் (தோட்டா அளவு), மாதம் எவ்வளவு சுடுகிறீர்கள் என்று கீழே எழுதுங்கள், கணக்குப் போட்டுச் சொல்கிறேன்.